'ஃப்ரீடா' (2002): விமர்சகர்கள் எதில் சொக்கினார்கள், எதில் முகம் சுளித்தார்கள்?

கேள்வி: மெக்சிகோ ஓவியர்கள் ஃப்ரீடா காலோ, டியேகோ ரிவேரா காதலைச் சொன்ன 'ஃப்ரீடா' படத்துக்கு வரவேற்பு எப்படி சார்?

பதில்: பெரும்பாலும் நல்ல பெயர்தான். 2002 வெனிஸ் விழாவின் தொடக்கப் படம். ஆஸ்கரில் 6 பரிந்துரை. கிடைத்தவை ஒப்பனைக்கும் பின்னணி இசைக்கும். இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் பரிந்துரைகூட இல்லை. குறை சொன்னவர்கள் கைவைத்ததும் திரைக்கதையில்தான்.

கேள்வி: அதில் என்ன கோளாறு?

பதில்: விபத்து, கல்யாணம், துரோகம், மணமுறிவு, மறுமணம், மரணம் என்று வரிசை பிசகாமல் ஓடுகிறது. முப்பது வருட வாழ்க்கை இரண்டு மணி நேரத்தில். காதலையே முதுகெலும்பாக வைத்ததால் கம்யூனிஸ்ட் ஃப்ரீடா விருந்துப் பேச்சாகச் சுருங்கிவிட்டார். ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கிகூட விருந்தாளி மாதிரி வந்து போகிறார். நியாயமான குறைதான்.

கேள்வி: மெக்சிகோ கதைக்கு ஏன் ஆங்கிலம்?

பதில்: ஹாலிவுட் சந்தை, வேறென்ன! ஃப்ரீடாவாக நடித்த சல்மா ஹயெக்கே மெக்சிகோக்காரர் என்பதால் இன்னும் உறுத்தும். பாடகி சவேலா வர்கஸ் நேரில் வந்து ஸ்பானிய மொழியில் 'லா யோரோனா' என்ற நாட்டுப்பாடலைப் பாடும்போதுதான் படத்துக்குச் சொந்தக் குரல் வருகிறது.

கேள்வி: அப்போ பாராட்டு எதுக்கு?

பதில்: ஹயெக், டியேகோவாக வந்த ஆல்ஃப்ரெட் மொலினா நடிப்புக்கு. அதைவிட, இயக்குநர் ஜூலி டேமரின் கண்ணுக்கு. ஃப்ரீடா சிக்கிய 1925 பேருந்து விபத்தைப் பாருங்கள்: பயணி ஒருவர் கொண்டுவந்த தங்கத்தூள் ரத்தம் தோய்ந்த உடம்பின் மேல் படிகிறது. அலங்காரத்துக்குச் சேர்த்ததல்ல, அன்று கூட இருந்த காதலர் சொன்ன விவரம். அடுத்து மருத்துவமனை. டாக்டர்கள் எல்லாம் எலும்புக்கூட்டுப் பொம்மைகள், அனிமேஷன் கலைஞர்களான க்வே சகோதரர்களின் ஸ்டாப் மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்துப் படமெடுக்கும் முறை) வேலை. மயக்கமும் வலியும் கலந்து வரும் அந்தச் சில நொடிகளை எந்த வசனமும் தந்திருக்காது.

கேள்வி: நிர்வாணக் காட்சி பற்றி ஏதோ சர்ச்சை?

பதில்: தயாரிப்பாளர் வற்புறுத்தியதால்தான் அதில் நடித்ததாக 2017இல் ஹயெக் எழுதினார். அதன் பிறகு அந்தக் காட்சியைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

கேள்வி: படம் பார்த்தால் ஓவியங்கள் பிடிபடுமா அண்ணா?

பதில்: எந்த வலி எந்த ஓவியமானது என்பது பிடிபடும். அளவு பிடிபடாது. 'ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை' (1932) உலோகத் தகட்டில் வரைந்தது, அகலம் 40 செ.மீ.கூட இல்லை. 'இரண்டு ஃப்ரீடாக்கள்' (1939) ஆள் உயரம், 173 செ.மீ. சதுரம். திரையில் எல்லாம் ஒரே அளவு. அளவைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போங்க தம்பி.