தொழுநோய் மாத்திரையால் முகம் கறுத்துவிட்டது. வெளியே போவதை எப்படிச் சமாளிப்பது?

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதத்திலிருந்து முகம் கறுத்துக்கொண்டே வருகிறது, கடைத்தெருவுக்குப் போகவே கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே மாத்திரையை 12 மாதம் சாப்பிட்டவள். பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நோய் முற்றியதால் வந்த கறுப்பு இல்லை இது. அட்டையில் இருக்கிற மூன்று மருந்தில் குளோஃபசிமின் என்று ஒன்று உண்டு. அதுவே ஒரு சாயம்தான். தோலிலும் கொழுப்பிலும் போய்ப் படிந்துவிடும். படை இருந்த இடத்திலும் வெயில் படுகிற இடத்திலும் கூடுதலாகத் தெரியும். எனக்குக் கன்னமும் முன்கையும் கறுத்தன, கெண்டைக்கால் தோல் மீன் செதில் மாதிரி வறண்டது.

ஐந்தாம் மாதம், ஒரு கல்யாணத்துக்காகத் தர்மபுரி போயிருந்தேன். பந்தியில் வைத்து அத்தை ஒருவர், "நம்ம வீட்ல யாருக்கும் இந்த நிறம் இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து எட்டு நாள் அந்த மாத்திரையை மட்டும் சாப்பிடாமல் விட்டேன். அடுத்த அட்டை வாங்கப் போனபோது செவிலியர் அக்கா பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "நிறம் திரும்ப வந்துடும்மா. நரம்பு போனா வராது" என்றார். அன்றைக்கே அவர் முன்னால் மாத்திரையை விழுங்கினேன்.

கடைதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அளவு எடுக்கும்போது எதிரில் நிற்பவர் முகத்துக்கும் நம் முகத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது. அதனால் எல்லோரிடமும் அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லி, தலையைக் குனிந்தே வாங்கி வைத்தேன். இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் வயதான அக்கா ஒருவர், "பழசு இறுக்குது, நீயே அளவெடு" என்று வந்து நின்றுவிட்டார். நாடாவைப் பிடித்ததும், "முகத்துக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஒரு மருந்து சாப்பிடறேங்க்கா, அதோட நிறம் ஏறியிருக்கு. மருந்து முடிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்" என்றேன். "அப்படியா, கை கொஞ்சம் லூசா வை" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எல்லோருக்கும் அதே பதில்தான். அதில் பொய் இல்லை, நோயின் பெயரும் இல்லை. பெயரை யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. நான் வீட்டுக்காரரிடமும் தங்கையிடமும் மட்டும் சொன்னேன். மாமியாரிடம் சொல்லப் பயம். 2019 வரை இந்த நோயை விவாகரத்துக்குக் காரணமாகச் சட்டமே வைத்திருந்த நாடு, பயப்படாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று கையை மட்டும் இழுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே பரப்பும் தன்மை போய்விடுகிறது. நான் அப்புறம் தயங்காமல் அளவெடுத்தேன்.

வெளியே போகும்போது குடை, முழுக்கை ரவிக்கை. பவுடர் வேண்டாம், கறுப்பின் மேல் சாம்பல் பூசியது போலத் தெரியும். மருந்துக்கடையில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம் பக்கமே போகாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோலைக் கெடுத்துவிடும். வறட்சிக்கு ராத்திரி இருபது நிமிடம் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

மாத்திரை முடித்த ஒன்பதாம் மாதம் என் முன்கை நிறம் மேல்கையோடு சேர்ந்துவிட்டது. இடது கன்னத்தில் மட்டும் லேசாக இன்னும் இருக்கிறது.

நிறம் பொறுக்கலாம். ஆனால் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சளாவது, படைகள் திடீரென்று சிவந்து வீங்குவது, கை காலில் புதிதாக மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் அடுத்த அட்டை நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.