மணலில் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்கலாமா?

நான்கு சக்கர இயக்க டிரக் ஆழமான மணலில் செல்லும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் இன்ஜின் வலுவிழந்து வண்டி நின்றுவிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் பழுதன்று. ஒரு சக்கரம் வழுக்கிச் சுழல்வதை உணரிகள் கண்டதும், இழுவைக் கட்டுப்பாடு அச்சக்கரத்தில் பிரேக்கைப் பிடிப்பதோடு இன்ஜினின் விசையையும் குறைக்கிறது. ஈரமான தார்ச்சாலையில் உயிரைக் காக்கும் இதே செயல், வேகம் தளராமல் ஓடினால்தான் கடக்க முடியும் என்ற நிலையிலுள்ள மணலில் வண்டியைப் புதையச் செய்துவிடுகிறது. ஆகவே மணலில் இறங்குமுன் அதை அணைத்துவிடுவதே நல்லது. டயர்க் காற்றைக் குறைப்பதும் பெரிதும் உதவும்.

பல வண்டிகளில் பொத்தானை ஒருமுறை தட்டினால் இழுவைக் கட்டுப்பாடு மட்டுமே அணையும். வண்டி சறுக்கித் திசைமாறாமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அணைய, வண்டியை நிறுத்திச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். குறைவேகக் கியரான ‘4எல்’ நிலைக்கு மாற்றியதும் சில வண்டிகளில் அது தானாகவே அணைந்துவிடும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாறைப் பாதையில் நிலைமை வேறு. அங்கே ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், டிஃபரன்ஷியல் பூட்டு (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில், சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் தடுத்துத் தரையிலுள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்புவது இழுவைக் கட்டுப்பாடுதான் என்பதால், அதை அணைக்கவே கூடாது.

தார்ச்சாலைக்குத் திரும்பியதும் இரண்டையும் மறவாமல் இயக்குங்கள். உயரமான டிரக் திடீர்த் திருப்பத்தில் கவிழும் அபாயம் அதிகம்.