ரெட்டைக் குழலில் நான்கு வெடி

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் குறும்படம் எடுக்கப்போகிறோம். தோட்டக் காவல்காரர் ரெட்டைக் குழல் துப்பாக்கியால் நான்கு முறை மளமளவென்று சுடுகிறார். குண்டு பட்டவன் இரண்டு கஜம் பறந்து விழுகிறான். ‘இது நடக்கவே நடக்காது’ என்கிறார் நண்பர். எங்கே தப்பு? தெரிந்தவரின் லைசென்ஸ் துப்பாக்கியை இரவல் வாங்கி, ரவை (ஈயக் குண்டுமணி) இல்லாத தோட்டா போட்டுச் சுடலாமா?

கோரிமேட்டு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கடைசிக் கேள்வி. வாங்கவே வாங்காதீர்கள். படம் எடுக்க இரவல் கொடுப்பதற்கு அந்த லைசென்ஸ் இடம் தராது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ரவை இல்லாத தோட்டாவும் ஆளைக் கொல்லும். 1984இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் அப்படிப்பட்ட தோட்டா போட்ட ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். தோட்டாவை மூடியிருந்த அடைப்பும் வெடிமருந்தின் வாயுவும் பாய்ந்த வேகத்தில் மண்டை ஓடு உடைந்து இறந்தார். 1993இல் படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது வேறு வகை. காட்சிக்காகச் செய்த போலித் தோட்டாவின் ஈயமுனை குழலுக்குள் சிக்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுத்துப் போட்ட வெற்றுத் தோட்டா அதை நிஜக் குண்டாகவே வெளியே தள்ளிவிட்டது. மரத்திலோ ரப்பரிலோ செய்த துப்பாக்கி போதும். தீப்பொறியை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி காட்சிக்கு வருவோம். இரண்டு குழல், இரண்டு தோட்டா, அவ்வளவுதான். பெரும்பாலும் விசையும் இரண்டு இருக்கும்: முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடதுக்கு. மூன்றாவது வெடிக்கு மேலே உள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் ஒதுக்கி, குழலை மடித்து, காலித் தோட்டாக்களை எடுத்து, புதிதாக இரண்டு செருகி, மூட வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் காலித் தோட்டா தானாகத் தெறிக்காது, சற்றே மேலெழும்பி நிற்கும். விரலால்தான் இழுக்க வேண்டும். சுத்தியல் வெளியே தெரியாத வகைத் துப்பாக்கியில், குழலை மடிக்கும்போதே உள்ளே இருக்கும் சுத்தியல் பின்னுக்கு இழுபட்டுச் சுடத் தயாராகிவிடும். ஆகவே சுடுவதற்கு முன் படங்களில் சேர்க்கும் அந்த ‘க்ளிக்’ வேண்டாம். பல துப்பாக்கிகளில் திறந்ததுமே பாதுகாப்புப் பூட்டு தானாக விழுந்துவிடும், அதைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால்தான் வெடிக்கும். பதற்றத்தில் அதை மறந்து விசையை இழுப்பவரைக் காட்டுங்கள். நான்கு வெடியைவிட அதில்தான் உயிர் இருக்கிறது.

பறந்து விழுவது சுத்தப் பொய். 12 போர் (குழலின் அளவு) தோட்டாவில் சுமார் 32 கிராம் ரவை, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர். அத்தனையும் 70 கிலோ ஆளின் உடம்பில் தங்கினாலும் அவர் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 18 சென்டிமீட்டர்தான். அவரைத் தூக்கி எறியும் விசை இருந்தால் சுட்டவரையும் அதே அளவு எறிந்திருக்கும். குண்டு பட்டவர் கால் மடங்கி நின்ற இடத்திலேயே சரியலாம், சில அடி ஓடிவிட்டும் விழலாம். சுடுபவர் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் இறுக்கி வைத்திருக்க வேண்டும். இடைவெளி விட்டால் மூன்று கிலோ துப்பாக்கி மோதித் தோள் கன்றிப்போகும்.

ஒலிதான் மலையில் உங்களுக்குக் கிடைத்த வரம், அதை வீணாக்காதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிர்ச்சரிவில் 700 மீட்டர் தள்ளி மிளகு பறிப்பவர் முதலில் புகையைத்தான் பார்ப்பார். இரண்டு நொடி கழித்து வெடிச்சத்தம் வரும், பிறகு பாறையில் மோதிய எதிரொலி. அந்த இரண்டு நொடிக்கு இசை போடாமல் விடுங்கள்.