ரசிகர் புனைவுகளைச் சிபாரிசு செய்தால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களை எப்படிப் படிக்க வைப்பது?

சிபாரிசு செய்கிற அளவுக்கு நல்ல ரசிகர் புனைவு இருக்கிறதா, இருந்தால் நண்பர்களை எப்படிப் படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. உங்கள் நிலைமையும் ஓரளவு புரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஆசையாக ஒரு லிங்க் போட்டிருப்பீர்கள், ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருப்பார், இன்னொருவர் "இதெல்லாமா படிக்கிற?" என்று கேட்டிருப்பார், அதோடு பேச்சு யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கும். நானும் இதை நிறையப் பார்த்தாயிற்று. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் பொன்னியின் செல்வனைச் சுற்றி எழுதப்பட்டவற்றைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். கும்பகோணத்தில் இருந்து தஞ்சாவூருக்கு தினமும் வேலைக்குப் போய்வருகிறவள், ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போனில் படிப்பது இவைதான். ஹாரி பாட்டர் ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கடல் வேறு.

முதலில் சிரிக்கிறவர்களுக்கு. ஒருவர் படைத்த பாத்திரங்கள் மேல் பைத்தியமாகி, இன்னொருவர் அவர்களை வைத்துத் தன் கதையை எழுதுவது, அவ்வளவுதானே ரசிகர் புனைவு? அது தமிழுக்கு என்ன புதுசா? கல்கி 1950-ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதி முடித்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்காக முடிவுரையில் அவரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் திருப்தி வராதவர்கள் தாங்களே பேனாவை எடுத்தார்கள். அமுதசுரபி ஆசிரியராக அரை நூற்றாண்டு இருந்த விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி', கல்கி விட்ட இடத்தில் இருந்து தொடங்குகிற கதைதானே? அதை பைண்டு பண்ணி நூலக அலமாரியில் வைத்தால் சரித்திர நாவல், அதே வேலையை இன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண் போனில் செய்தால் சிரிப்பு. விக்கிரமனையும் இணையத்துச் சின்னப் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று யாராவது வருவீர்கள், தெரியும். உழைப்பிலும் மொழியிலும் இருவருக்கும் தூரம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இருவரையும் எழுத உட்கார வைத்த ஏக்கம் ஒன்றுதான். ராஜராஜனைப் பற்றிய பாலகுமாரனின் 'உடையார்' நாவல் வேறு, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை விரும்புகிறவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டு முத்திரை இருந்தால்தான் நம்புவேன் என்கிற நண்பர்களுக்கு இன்னொன்று. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்று ரசிகர் புனைவுகளுக்காகவே ஒரு தளம் இருக்கிறது, லாப நோக்கில்லாமல் நடக்கிறது. 2019-ல் அதற்கு ஹ்யூகோ விருது கொடுத்தார்கள். அறிவியல் புனைவு உலகில் அதற்கு என்ன மதிப்பு என்று அவர்களே தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, எப்படிப் படிக்க வைப்பது? குழுவில் பொதுவாகப் போடாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். நான் செய்வது இதுதான்: ஒரு ஆளுக்கு எந்த இடத்தில் மனசு ஆறவில்லை என்று கவனிப்பேன். அந்த இடத்துக்கு யார் எழுதியிருக்கிறார்களோ, அதை மட்டும் அவருக்கு மட்டும் கொடுப்பேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா. வீட்டு ஷோகேஸில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருக்கிறது, கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பு, இதுவரை பிரித்ததில்லை. 2023-ல் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே ஆரம்பித்தார். "ஏண்டி, ஆதித்த கரிகாலன கடைசில யாருதான் கொன்னா? புத்தகத்துலயாவது தெளிவா இருக்கா?" ராஜராஜனின் அண்ணன் கொலையைப் புத்தகத்திலும் கல்கி மூடுமந்திரமாகத்தான் விட்டிருக்கிறார் என்றேன். "இவ்ளோ பெரிய புத்தகம் எழுதிட்டு அதச் சொல்லலன்னா எப்டி?" அன்றைக்கு அவர் சாம்பார் சாதம் பாதி மிச்சம்.

அவருக்கு நான் கொடுத்தது காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா'. அந்தக் கொலையை எடுத்துக்கொண்டு, கல்கி போகாத வழியில் போகிற நாவல். குற்றவாளி யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் புத்தகம் வீண். அக்கா படித்து முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்து, "இத எழுதின ஆளு நம்பர் இருக்கா?" என்று கேட்டார். பாராட்டுவதற்கு இல்லை, சண்டை போட. வீட்டில் மாமாவிடமும் வாதம் நடந்திருக்கிறது. நாவல் சொல்கிற முடிவை நானும் நம்பவில்லை, அது வேறு விஷயம். சிபாரிசு பலித்ததா என்றால், சண்டை போடுகிற அளவுக்குப் படித்துவிட்டார், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அதோடும் நிற்கவில்லை. கொலைக்கு நிஜத்தில் என்ன சாட்சி என்று நோண்டி, காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடி கல்வெட்டுக்கு வந்து சேர்ந்தார். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை அது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை' (நம் ஆதித்த கரிகாலன்தான்) கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் வருகின்றன, அவர்களுடைய உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிச் சொல்கிறது. இதை வைத்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன்னால் ஆண்ட உத்தம சோழரைச் சந்தேகப்பட்டார், இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் பஸ் பிடித்து அனந்தீஸ்வரர் கோவிலுக்கே போய்விட்டோம். சுவரில் எங்கே என்று எங்களுக்குப் புரியவில்லை, எழுத்து நமக்குப் பழகிய எழுத்தும் இல்லை. படம் வந்ததில் இருந்து இதே கேள்வியைக் கேட்டுச் சலித்துப்போயிருந்த குருக்கள், தீபாராதனைத் தட்டைக் கீழே வைக்காமலேயே தாடையால் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனார். அக்கா கல்லில் விரலை வைத்துக்கொண்டு, "இதுல ரவிதாசன் எங்கடி இருக்கான்?" என்று வரி வரியாகத் தேடினார். படம் பார்த்துவிட்டு வந்த ஆள் இவர்!

இப்போது இணையத்தில் இருப்பவை. படம் வந்த பிறகு நிறைய எழுதினார்கள், என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதுவது நம் ஊர்ப் பிள்ளைகள்தான். முக்கால்வாசி நந்தினியும் கரிகாலனும் சேர்ந்து வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்கிற வகை. எனக்கு அதில் சலிப்பு வந்துவிட்டது. நான் சிபாரிசு செய்வது மணிமேகலைக் கதைகளை, காப்பியத்து மணிமேகலை இல்லை, வந்தியத்தேவன் மேல் ஆசை வைத்த கடம்பூர்ப் பெண். படத்தில் அவளையே எடுத்துவிட்டார்கள். நாவலிலோ கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். பள்ளிக்கூட வயதில் அதைப் படித்து அழுதவர்களுக்கு இன்றுவரை ஒரு பாக்கி இருக்கிறது.

அப்படி ஒரு சின்னக் கதை, ஒரு கல்லூரிப் பெண் எழுதியது, அதிலே மணிமேகலை சாகவில்லை. தலை நரைத்த பிறகு தஞ்சாவூருக்கு வருகிறாள். பெரிய கோவிலில் கல்தச்சன் அந்தப் பிரசித்தமான வரியைக் கொத்திக்கொண்டிருக்கிறான், 'நாம் கொடுத்தனவும் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்' என்று. இவள் ஒரு விளக்கைக் கொடுக்கிறாள். பெயர் என்னம்மா, போடணும் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலில் ஒட்டிய கல்தூளைத் தட்டிக்கொண்டு நடக்கிறாள். ராஜராஜனின் அக்கா குந்தவை 'அக்கன்' என்று கல்லில் ஏறுகிறாள், இவள் 'மற்றும் கொடுத்தார்' கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுகிறாள். அந்த இடத்தில் நான் பாபநாசம் ஸ்டேஷன் தாண்டியதையே கவனிக்கவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். கதை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள், நல்ல இடத்தில் நின்றுபோய் வருஷக்கணக்காகத் தொடராத கதையைக் கொடுத்தால் நண்பர் உங்களைத்தான் திட்டுவார். அப்புறம் வயது எச்சரிக்கையைப் படியுங்கள். நான் மேலே சொன்ன ஆர்க்கைவ் தளத்தில் கதைக்கு மேலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் உங்கள் அத்தைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் முதல் பதில் "பிடிஎஃப் இருக்கா?" நல்லா இருக்கா என்று கேட்க மாட்டார்கள், எத்தனை பக்கம் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கல்கிக்குக் கேட்டால் சரி, அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, மதுரைத் திட்டத்தின் தளத்தில் முறையாகவே இலவசமாக இருக்கிறது. நேற்று எழுதி இன்று விற்கிற எழுத்தாளருக்கும் அதே கேள்வியா? படத்துக்கு இரண்டு பாகத்துக்கும் குடும்பத்தோடு டிக்கெட், இடைவேளையில் பாப்கார்ன், புத்தகத்துக்கு மட்டும் கை வராது. அப்படி வாங்குகிற பிடிஎஃபையும் படிப்பதில்லை, போனில் ஜிபி கணக்கில் தூங்குகிறது. நான் இப்போதெல்லாம் "என்கிட்ட இருக்கிற பிரதியைத் தர்றேன், படிச்சுட்டுத் திருப்பிக் கொடுங்க" என்கிறேன். பாதிப்பேர் அதற்குப் பிறகு பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

கமெண்டில் அந்த மணிமேகலைக் கதையின் லிங்க் கேட்பீர்கள். இங்கே போட மாட்டேன். அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சியில் மிளகாய் வற்றல் வருகிறது, போர்த்துகீசியர் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் மிளகாய் ஏது என்று நாலு பேர் போய் அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள். தனிச் செய்தியில் கேளுங்கள். அந்த நாவலில் நீங்கள் யாருக்காக அழுதீர்கள் என்பதையும் எழுதுங்கள், மணிமேகலைக்கு என்றால் அது, வானதிக்கு என்றால் வேறு வைத்திருக்கிறேன்.