தேமலுக்குச் சத்து மாத்திரை தேவையா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம் டாக்டர். என் மகளுக்கு 13 வயது. ஆறு மாதமாக இரண்டு கன்னத்திலும் வெளிறிய தேமல். முழங்கையிலும் முட்டியிலும் சொரசொரவென்று பொரிப்பொரியாக இருக்கிறது. கழுத்தைச் சுற்றிக் கறுத்துவிட்டது, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. மெடிக்கலில் கேட்டதற்கு கால்சியம் குறைவு, வைட்டமின் குறைவு என்று கால்சியம் மாத்திரை, பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த கம்மி மிட்டாய், ஒரு க்ரீம் கொடுத்தார்கள். க்ரீம் போட்டால் மறைகிறது, விட்டால் திரும்பி வருகிறது. வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்கிறார் மாமியார். காலையில் டீயும் ரஸ்க்கும்தான் சாப்பிடுவாள். மதியம் சத்துணவு, அதிலும் முட்டையைத் தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள். சாயங்காலம் சிப்ஸ், கூல்டிரிங்ஸ். கீரையைத் தொடமாட்டாள். எனக்கு ஏழு வருடமாகச் சுகர், மெட்ஃபார்மின் போடுகிறேன். கேஸ் மாத்திரையும் தினமும் உண்டு. எனக்கும் கொஞ்ச நாளாக விரல் முட்டியெல்லாம் கறுத்து, நாக்கு எரிகிறது. எங்கள் இருவருக்கும் எந்த வைட்டமின் நல்லது?

பதில்: மகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, உங்களைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள் அம்மா. என்னைக் கவலைப்பட வைத்தது அந்த இரண்டு வரிதான். வைட்டமின் குறைவு இருக்குமோ என்று நான் முதலில் சந்தேகப்படுவது உங்களுக்கு. அதனால் உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது, சிலருக்கு பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவது குறைந்துபோகும். கேஸ் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். மீன், முட்டை, கறியில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் கேஸ் மாத்திரை குறைக்கிறது. காசிமேட்டு மீனை வாரத்துக்கு நாலு நாள் குழம்பு வைத்துச் சாப்பிட்டாலும், உடம்பில் சேர வேண்டியது சேராமல் போகலாம்.

விரல் முட்டிகள் கறுப்பது பி12 குறைவின் அடையாளம் என்று 1963-லேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். மேலே உள்ள சின்னச் சின்ன மொட்டுகள் மழுங்கி, வழுவழுவென்று சிவந்திருக்கிறதா? உள்ளங்கால் மதமதப்பாக இருக்கிறதா, ஊசி குத்துவதுபோல் இருக்கிறதா? கால் மரத்துப்போவதை எல்லோரும் சுகர் கணக்கில் எழுதிவிடுவார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பி12 குறைந்தாலும் நரம்பு இப்படித்தான் பாதிக்கப்படும், கவனிக்காமல் விட்டால் அது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ தருவார்கள். சத்து ஏற ஏற, சில மாதங்களில் விரல் கறுப்பும் மெல்ல வடியும். அதுவரை எலுமிச்சம்பழத்தை வைத்து விரலைத் தேய்க்க வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். யாரோ ஒருமுறை எழுதிக்கொடுத்ததை வருடக்கணக்கில் வாங்கிப் போடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இனி மகள். கன்னத்துத் தேமலுக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை. இந்த நம்பிக்கை நம் ஊரில் எப்படியோ வேரூன்றிவிட்டது. தேமலோடு வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே கால்சியம் மாத்திரை விழுங்கியவர்களாகவே இருக்கிறார்கள். பூச்சியும் காரணம் இல்லை. பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் போடட்டும், அது ரத்தசோகை வராமலிருக்க உதவும். தேமல் அதனால் போகாது.

இந்த வயதில் கன்னத்தில் ஓரம் தெளிவில்லாமல், லேசாகச் செதில் உதிர்ந்து வரும் வெளிறல் பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது. வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கக் கறுக்க, அந்த இடம் மட்டும் எடுப்பாகத் தெரியும். உங்கள் பகுதியில் பல வீடுகளில் உப்பான போர் தண்ணீர்தான். அதோடு இரண்டு வேளை சோப்புப் போட்டு முகம் கழுவினால் வறட்சி கூடத்தான் செய்யும். சோப்பைக் குறைத்து, முகம் கழுவி ஈரம் காய்வதற்குள் வாசலைனோ தேங்காயெண்ணெயோ மெல்லத் தடவி வரட்டும். முகத்தில் பருக்கள் இருந்தால் எண்ணெய் வேண்டாம், மாய்ஸ்சரைசர் போதும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்து, தேமல் மேலும் பக்கத்துத் தோல் மேலும் மாறி மாறி லேசாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவள் விரலால் காட்ட வேண்டும். தேமலில் தொட்டது மட்டும் தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுதாகக் குணமாகும். முகத்தில் வரும் தேமலில் ஆரம்பத்தில் உணர்ச்சி இருக்கவும் கூடும் என்பதால், தெரிந்தது என்று சொன்னாலும் ஒருமுறை நேரில் காட்டுவது நல்லது. பால் வெள்ளையாக, ஓரம் வெட்டியதுபோல் இருந்தால் அது வெண்புள்ளி. அதற்கு வைத்தியமே வேறு.

அந்த க்ரீம் ட்யூப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள். கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, முகத்துக்கு வேண்டாம். போட்டால் அடங்கி, விட்டால் கிளம்புவது அதனால்தான். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் பூனைமுடியும் வரும். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதித்தது. ஆனாலும் கவுன்டரில் கேட்டவுடன் கிடைக்கிறது, பிள்ளைகளின் முகம் பாழாகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல. பீர்க்கங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க அது இன்னும் தடிக்கும். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கூடும்போது கழுத்தும் அக்குளும் இப்படிக் கறுத்து, வெல்வெட்டாகத் தடிக்கும். அம்மாவுக்குச் சுகர் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இது சத்துக் குறைவால் வருவதில்லை. மாவும் சர்க்கரையும் மிகுந்துபோவதும், அதோடு கூடும் எடையும்தான் பெரும்பாலும் காரணம். 250 மில்லி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சுமார் 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். முதலில் அதை நிறுத்துங்கள். எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பது மூன்றையும் மருத்துவர் பார்க்கட்டும்.

சொரசொரப்புக்கு மட்டும் சாப்பாட்டில் இருக்கும் குறை காரணமாக இருக்கலாம். முழங்கையிலும் முட்டியிலும் முள்முள்ளாக வருவது வைட்டமின் ஏ, பி வகைகள், நல்ல கொழுப்பு எல்லாம் சேர்ந்து குறைந்த பிள்ளைகளிடம் காண்பது. இருட்டினால் தடுமாறுகிறாளா என்று கவனியுங்கள். அப்படியானால் உடனே கண்ணையும் காட்ட வேண்டும். தோழிக்குப் போகும் அந்த முட்டையின் மஞ்சள் கருவில் ஏ, பி2, பி12 மூன்றுமே இருக்கின்றன. வாடை பிடிக்காவிட்டால் வீட்டில் மிளகு தூவி ஆம்லெட் போட்டுக் கொடுங்கள். முருங்கைக்கீரையை வெறுமனே வேகவைக்காமல் எண்ணெயில் வதக்கி அடை மாவில் கலந்துவிடுங்கள். கீரையிலிருந்து வைட்டமின் ஏ கிடைக்கக் கொழுப்பு வேண்டும், அடையில் அவள் கண்ணுக்குக் கீரையும் தெரியாது. வஞ்சிரம்தான் சத்து என்றில்லை. விலை மலிவான மத்தி மீனில் நல்ல கொழுப்பு அதிகம். முள்ளோடு தின்னும் நெத்திலியில், மாத்திரையில் தேடிய கால்சியம் கிடைத்துவிடும். காலையில் டீ ரஸ்க்குக்குப் பதில் வேர்க்கடலையோ சுண்டலோ, ஒரு கொய்யாவோடு. டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் போடுகிறாளா என்றும் கேளுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் அதுவே தோலை உலர்த்தி முடியைக் கொட்டவைக்கும்.

கால்சியம் மாத்திரையையும் கம்மியையும் இன்றே நிறுத்தலாம். ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். கடையில் விற்கும் பலவற்றில் 5,000, 10,000 என்று போட்டிருக்கும். அந்த அளவு பயோட்டின் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டிவிடும். பழைய சிறை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். தோல் பிரிவுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். போகும்போது க்ரீம் ட்யூப், கம்மி டப்பா, உங்கள் சுகர் சீட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் எடுப்பதற்கு முன், கம்மியைக் கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டாள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.