யூசர் ஃபீ பற்றிக் கேட்ட தம்பிக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். புளோரிடாவில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் இடம் கிடைத்து, ஜனவரியில் வருகிறாராம். ரூமும் சாப்பாடும் எப்படி, கார் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் இன்னொன்றும் கேட்கிறார். சின்ன விமானங்களும் தனியார் ஜெட்டும் வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்களுக்கான ஏஓபிஏ என்ற அமெரிக்கச் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? அவருக்கு உறவில் ஓர் அண்ணன் இங்கே ஏர்லைன் பைலட். “அது பணக்காரன் ஜெட்டுக்குக் கொடி பிடிக்கிற கூட்டம், சின்ன விமானங்களுக்கும் யூசர் ஃபீ போட்டால்தான் உருப்படும்” என்கிறாராம். யூசர் ஃபீ என்றால் வானத்தைப் பயன்படுத்துவதற்குப் பறப்பவரிடம் வாங்கும் கட்டணம். எல்லா ஏர்லைன் பைலட்டும் இப்படித்தான் நினைக்கிறார்களா?

தம்பி, சாப்பாட்டையும் ரூமையும் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். புளோரிடாவில் கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாது. அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

நானும் ஏர்லைனில்தான் ஓட்டுகிறேன். ஏர்லைன் விமானிகள் சங்கமான ஆல்பாவிலும் இருக்கிறேன், ஏஓபிஏவிலும் இருக்கிறேன். இரண்டு பத்திரிகையும் ஒரே தபால் பெட்டிக்குத்தான் வருகின்றன. சில மாதம் ஒன்றையொன்று திட்டிக்கொண்டும் வரும். 2015-இல் சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கு மெடிக்கல் விதியைத் தளர்த்த வேண்டும் என்று ஏஓபிஏ போராடியபோது ஆல்பா எதிர்த்தது. கடைசியில் ஏஓபிஏதான் ஜெயித்தது, 2017-இல் பேசிக்மெட் என்ற தளர்த்திய விதி வந்தது. ஆகவே எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. ஒருவர் எப்படிப் பறக்கக் கற்றார் என்று கேளுங்கள், அவர் கருத்து பாதி தெரிந்துவிடும். ராணுவத்திலிருந்து வந்தவருக்கு எரிபொருள் விலை தெரியாது. என்னைப் போல மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஏறி வந்தவருக்கு ஒவ்வொரு சென்ட்டும் தெரியும். இதில் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. செஸ்னா என்ற குட்டி விமானத்தில் கற்று, ஏர்பஸ்ஸில் உட்கார்ந்ததும் செஸ்னாவைக் கொசு என்பவர்கள். உங்கள் அண்ணன் எந்த ரகமோ, எனக்குத் தெரியாது. நம்மவர்களில் அந்த ரகம் கொஞ்சம் அதிகம் என்பது என் அனுபவம்.

அண்ணன் சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. 150 பேர் ஏறிய விமானத்தில் டிக்கெட் 200 டாலர் என்று வையுங்கள். 7.5 சதவீத வரி 2250 டாலர், அது விமானத்துறை நிதிக்குப் போகிறது. ஆறு பேரோடு அதே தூரம் போகும் ஒரு பெரிய தனியார் ஜெட் 2000 கேலன் எரித்தால், கேலனுக்குச் சுமார் 22 சென்ட் வீதம் 440 டாலர்தான் வரி கட்டுகிறது. தரையிலிருந்து ரேடாரில் விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலருக்கு வேலை இரண்டிலும் ஒன்றுதான். ரேடாரில் புள்ளி என்றால் புள்ளிதானே என்று ஏர்லைன் நிர்வாகங்கள் 2007-இல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன.

ஆனால் அந்த 2007 திட்டத்தை எடுத்துப் பாருங்கள். புஷ் அரசு கொண்டுவந்தது. ஜெட்டுக்கு மட்டுமா? சின்ன விமானம் குடிக்கும் அவ்கேஸ் என்ற பெட்ரோலுக்கும் கேலனுக்கு 19.3 சென்ட் வரியை 70.1 சென்ட்டாக உயர்த்தச் சொன்னார்கள். பயிற்சிக்கு ஓட்டும் செஸ்னா 172 ஒரு மணி நேரத்துக்கு எட்டு, எட்டரை கேலன் குடிக்கும். இந்திய விமானத்துறை அமைப்பான டிஜிசிஏ லைசென்ஸுக்குக் கேட்கும் 200 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு மாணவன் தலையில் 860 டாலர் கூடுதல். பணக்காரன் ஜெட் என்று ஆரம்பித்து, பில் உங்களைப் போன்ற பையனிடம் வந்து நிற்கிறது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. 2011-இல் ஒபாமா அரசு ஜெட் போன்ற டர்பைன் விமானங்களுக்கு மட்டும் ஒரு பறப்புக்கு 100 டாலர் என்றது, செஸ்னா போன்ற பிஸ்டன் விமானங்களுக்கு விலக்கு. அதையும் ஏஓபிஏ எதிர்த்தது. கூடாரத்துக்குள் ஒட்டகம் தலையை விட்ட கதைதான், பில் அனுப்ப ஓர் அலுவலகம் திறந்துவிட்டால் அப்புறம் யாருக்கு அனுப்புவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள் என்றார்கள். சரியான பயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சின்னவனை முன்னால் நிறுத்தி அவன் முதுகுக்குப் பின்னால் ஜெட் வைத்திருப்பவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று உங்கள் அண்ணன் சொன்னால், அதையும் நான் மறுக்கமாட்டேன்.

நெவார்க்கில் மாலை ஐந்து மணிக்குப் புறப்பட வரிசையில் நிற்கும்போது பக்கத்து சீட் பைலட், அருகில் டெட்டர்போரோ திடலிலிருந்து பறக்கும் தனியார் ஜெட்டுகளைத் திட்டுவார். கண்ணாடி வழியே பார்த்தால் முன்னால் நிற்பது பதினைந்தும் ஏர்லைன் விமானங்கள். ஒரே நேரத்தில் எல்லோரையும் கிளப்ப அட்டவணை போட்டது யார் என்று கேட்டால் பேச்சு கிரிக்கெட்டுக்கு, இல்லை இங்கே கால்பந்துக்கு, மாறிவிடும்.

கட்டணம் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2004-இல் ஐடி கம்பெனி என்னை நான்கு மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஒரு சனிக்கிழமை அங்கே ஓர் ஆசிரியரோடு பறந்தேன். புல்தரைதான், ஆட்டுக்குட்டிகூட மேயலாம். இறங்கினால் காசு, தரையைத் தொட்டதும் மறுபடி மேலேறும் டச் அண்ட் கோ ஒவ்வொன்றுக்கும் காசு. ஆறாவது முறை இறங்க வேண்டாம், ஐந்து போதும் என்று நானே சொன்னேன். பழகிக்கொள்ள வேண்டியது இறங்குவதைத்தான், காசை எண்ணி விட்டது அதையே! அங்கே பிரிட்டிஷ் ஏஓபிஏவில் சார்ல்ஸ் ஸ்ட்ராஸர் என்பவர் விமானத் திடல்களிடம் பேசிப் பேசி, வானிலை மோசமாகி அவசரத்துக்கு இறங்குபவரிடம் மட்டும் கட்டணம் வாங்காதீர்கள் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். மேகம் கறுத்து வரும்போது பைலட் பர்ஸை நினைக்கிறான், அதனால்தான். ஜெர்மனியின் லுஃப்தான்சா தன் பையன்களை அமெரிக்காவில் அரிசோனாவின் குட்இயருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது அங்கே வெயில் நன்றாக அடிக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை, இந்தச் செலவும்தான்.

இப்போது உங்கள் விஷயம். வாஷிங்டன் சண்டையை விடுங்கள், கட்டணம் பின்வாசல் வழியாக வருகிறது. 2020 ஜனவரி முதல் கண்ட்ரோல் உள்ள வான்பகுதிகள் பெரும்பாலானவற்றில் ஏடிஎஸ்-பி என்ற கருவி கட்டாயம். நம் விமானம் எங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்குச் சொல்லும், மோதாமல் இருக்க. அதே தகவலை எடுத்து எந்த விமானம் எத்தனை முறை இறங்கியது என்று எண்ணி சில விமான நிலையங்கள் பில் அனுப்ப ஆரம்பித்திருக்கின்றன. புளோரிடாவிலும் சில இடங்களில் ஆரம்பித்தார்கள். ஏஓபிஏ இதை எதிர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே சந்தா கட்டலாம். பத்திரிகையில் பாதி விளம்பரம், அதைப் புரட்டிவிட்டுப் போங்கள். ஸ்கூலிடம் போன வாரமே கேட்டிருக்க வேண்டியது இது: லேண்டிங் கட்டணம் மணி வாடகைக்குள்ளா, வெளியிலா? பெட்ரோல் ஏறினால் சர்சார்ஜ் உண்டா? பதிலை ஈமெயிலில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். தயவுசெய்து. தள்ளுபடி என்பார்கள். நான் 2001 கோடையில் 3000 டாலர் மொத்தமாகக் கட்டினேன். நியூ ஜெர்சி எடிசனில் நான்கு பேர் ஒரே ரூமில், ஐடி கம்பெனியில் புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம், ஒவ்வொரு டாலரும் சாம்பார் இல்லாமல் சேர்த்தது. செப்டம்பர் 11 வந்தது. நியூயார்க்கைச் சுற்றிச் சின்ன விமானங்களைப் பல வாரம் தரையில் கட்டிப்போட்டார்கள். ஸ்கூல் வருமானமில்லாமல் மூடிக்கொண்டது, பணம் போனது போனதுதான். தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் மீசையை எடு, பறப்பதை விடு, கோடிங்கைப் பார் என்றார்கள். மீசையை எடுத்தேன். மற்றதை விடவில்லை. அதே பெரியவர்கள் இப்போது பேரனுக்கு பைலட் ஆசை என்று எனக்குப் போன் செய்கிறார்கள், அது வேறு கதை.

2002-இல் வேறொரு திடலில் லைசென்ஸ் முடித்தேன். கிரீன் கார்டு வந்து, ஐடியை விட்டு, பயிற்சி ஆசிரியராக மணிநேரம் சேர்த்து, 1500 தாண்டி 2014-இல் ஒரு ரீஜனல் ஏர்லைனில் சேர்ந்தபோது சம்பளம் பழைய சம்பளத்தில் கால்வாசி. உங்களுக்குக் கிடைக்கும் எம்-1 என்ற பயிற்சி மாணவர் விசாவில் வேலை பார்க்க முடியாது, அதனால் என் வழியைக் காப்பியடிக்க நினைக்காதீர்கள்.

2006-இல் அப்பா வந்தார். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பறப்பதற்கு ஒரு செஸ்னாவை வாடகைக்கு எடுத்து ஹட்சன் நதிமேல் கூட்டிப்போனேன். ஆயிரம் அடியில், கண்ட்ரோலரிடம் அனுமதி கேட்காமல், ரேடியோவில் நாம் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகலாம். சுதந்திர தேவி சிலையைப் பார்த்து அவர் பெரிதாக அசரவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வந்தது. கீழே நியூயார்க் பக்கம் போகிற வண்டிகளுக்கு டோல் என்று சொன்னேன். வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “நமக்கு எங்கே கட்டணும்?” என்றார். நமக்குக் கிடையாதுப்பா என்றேன். நம்பவில்லை. திரும்பி வரும்போது அதே பாலத்துக்கு மேலே, சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.