ரோஜா யாரைப் பார்த்து வந்தது?

வணக்கம்.
பாலைவனத்தில் கிடைக்கும் 'மணல் ரோஜா' என்ற கல்லின் படத்தைப் பார்த்தேன். யாரோ செதுக்கியது என்று நினைத்தால், தானாகவே உருவானதாம். கள்ளிச் செடியில் ரோஜா, தேவாலய ஜன்னலில் ரோஜா, கேக் மேல் ரோஜா... இவையெல்லாம் ரோஜாவைப் பார்த்து வந்தவையா? இல்லை, பின்னால் ஏதாவது பொது விதி இருக்கிறதா?
ம.

அன்புள்ள ம.,

பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வழியில் வந்து சேர்ந்த வடிவம், ரோஜா என்ற பெயர் மட்டும் நாம் வைத்தது.

மணல் ரோஜா பெரும்பாலும் ஜிப்சம். உப்பு நீர் ஊறிய மணலில் நீர் ஆவியாக ஆவியாக, கரைந்திருந்த ஜிப்சம் மணல் துகள்களையும் பிடித்துக்கொண்டு தட்டுத் தட்டாகப் படிகமாகிறது, அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று ஊடுருவி வளர்வதால்தான் நமக்கு இதழ் மாதிரித் தெரிகிறது. பேரைட் என்ற கனிமத்திலும் இப்படி வரும். அமெரிக்காவின் ஓக்லஹோமா 1968-ல் அந்தப் பேரைட் ரோஜாவைத் தன் மாநிலக் கல்லாகவே அறிவித்தது.

நீங்கள் சொல்லும் செடி எச்செவேரியாவாக இருக்கும். அது கள்ளி இல்லை, சதைப்பற்றுள்ள இலைகள் கொண்ட வேறு குடும்பம். நடுக்குருத்தில் ஒவ்வொரு புது இலையும் முந்தைய இலையிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி முளைக்கிறது, அதனால் எந்த இலையும் இன்னொன்றுக்கு நேர் மேலே வந்து உட்காருவதில்லை. கல்லில் இந்த ஒழுங்கு கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜன்னல் விஷயம் வேறு. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் வடக்கு ஜன்னல், 13-ஆம் நூற்றாண்டு வேலை, சுமார் 13 மீட்டர் விட்டம். செடியின் இலைகளில் தெரியும் சுருள் அதில் கிடையாது, சக்கரம் மாதிரி நடுவிலிருந்து ஆரங்கள் விரிகின்றன.

சரி, கேக் ரோஜா? அது நிச்சயமாகப் பார்த்துச் செய்தது. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருக்கும் குழல்முனையை, அகல முனை கீழே வரும்படி பிடித்து, நடுவில் ஒரு கூம்பு வைத்து, அதைச் சுழற்றிக்கொண்டே முதலில் 3 இதழ், அப்புறம் 5, அதற்கு வெளியே 7 என்று கிரீமைச் சுற்றுவார்கள். ஆனால் எந்த ரோஜாவைப் பார்த்து? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் 5 இதழ்கள்தான், நடுவில் மஞ்சளாக மகரந்தத் தாள்கள். தாள்களாக வளர வேண்டியவை இதழ்களாக மாறிப்போன செடிகள் எப்போதாவது தோன்றும், அவற்றையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வந்ததுதான் நாம் 'ரோஜா' என்றதும் நினைக்கும் அடுக்குப் பூ. கேக்கில் இருப்பது அதன் நகல். பாரிஸ் ஜன்னலோ, பழைய ஐந்திதழ்ப் பூவுக்குத்தான் நெருக்கம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஓர் அடுக்கு ரோஜாவை வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாகப் பிரித்துக்கொண்டே போங்கள். நடுவை நெருங்கும்போது இதழ்கள் சிறுத்துக் கோணலாகும், சில பூக்களில் பாதி இதழாகவும் பாதி தாளாகவும், ஓரத்தில் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டு கையில் வரும்.